ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜூடோ வீராங்கனை ரியோகோ தானி அரசியலில் ஏன் பெரிதாக வரவில்லை?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அவர் தேர்தலில் தோற்றதே இல்லை. நின்றது ஒரே ஒரு தேர்தல், 2010 ஜூலையில், ஜப்பான் நாடாளுமன்றத்தின் மேலவைக்கு. ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேர் அவர் பெயரை எழுதி வாக்களித்தார்கள். ஆறு வருடப் பதவிக்காலத்தை முழுசாக முடித்தார். 2016-இல் மறுபடி நிற்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் நீங்கள் கேட்பது புரிகிறது. அவ்வளவு பெரிய பெயர், நாடாளுமன்றத்துக்குள் போனதும் எங்கே போனது என்றே தெரியவில்லை. (ஜப்பானிய உச்சரிப்பு 'தனி' என்பதற்குத்தான் நெருக்கம். நம்முடைய 'தனி'யோடு குழம்பும் என்பதால் தானி என்றே எழுதுகிறேன்.)

நான் கல்லூரியில் மூன்று வருடம் ஜூடோ கற்றவன். பிரவுன் பெல்ட்டோடு முட்டி போய்விட்டது, நானும் விட்டுவிட்டேன். அந்த நாட்களில் எங்கள் மாஸ்டர் பழைய வீடியோ கேசட் போட்டுத் திரும்பத் திரும்பக் காட்டிய ஆள் இவர்தான். அப்போது பெயர் ரியோகோ தமுரா. உயரம் 146 செ.மீ., எடைப் பிரிவு 48 கிலோ. எதிராளியின் உடையைப் பிடித்த அடுத்த நொடி உள்ளே புகுந்திருப்பார். 2000 சிட்னி ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ரஷ்ய வீராங்கனையை உச்சி-மாத்தா (எதிராளியின் தொடைகளுக்கு நடுவே காலைக் கொடுத்து எறிவது) போட்டுத் தூக்கி எறிய அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தத் தங்கத்துக்கு அவர் எட்டு வருடம் காத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1992 பார்சிலோனாவில் வெள்ளி, அப்போது வயது 16. 1996 அட்லாண்டாவுக்கு 84 தொடர் வெற்றிகளோடு போய், இறுதியில் வடகொரியாவின் கே சுன்-ஹுய்யிடம் தோற்றார். இந்த முறை 16 வயது எதிராளிக்கு. சிட்னிக்குப் போகும்போது அவர் சொன்னது ஜப்பானில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது: அதிகபட்சம் தங்கம், குறைந்தபட்சமும் தங்கம். பேஸ்பால் வீரர் யோஷிதோமோ தானியைக் கல்யாணம் செய்துகொண்டு 2004 ஏதென்ஸுக்குப் போனபோது, "தமுராவாகவும் தங்கம், தானியாகவும் தங்கம்". சொன்னபடி வாங்கினார். குழந்தை பிறந்த பிறகு பெய்ஜிங்குக்கு "அம்மாவானாலும் தங்கம்". அங்கே கிடைத்தது வெண்கலம். அரையிறுதியில் ருமேனியாவின் அலினா துமித்ருவிடம், கடைசி நிமிடத்தில் வாங்கிய ஒரு ஷிதோவால், அதாவது தண்டனைப் புள்ளியால் தோற்றார். இதற்கிடையில் ஏழு உலகப் பட்டங்கள்.

இப்போது அரசியலுக்கு வருவோம். ஜப்பான் மேலவையில் 2010-இல் தேர்தல் நடந்த 121 இடங்களில் 48 விகிதாசாரப் பட்டியலுக்கு உரியவை. வாக்காளர் பென்சிலால் கட்சியின் பெயரை எழுதலாம், அல்லது பட்டியலில் உள்ள ஒரு வேட்பாளரின் பெயரை எழுதலாம். யார் பெயரை எழுதினாலும் அந்த வாக்கு கட்சிக் கணக்கில்தான் முதலில் சேரும். அப்புறம்தான் பட்டியலுக்குள் யார் முதல், யார் இரண்டாவது என்று அன்றைக்குத் தனிப்பட்ட வாக்கை வைத்து வரிசைப்படுத்தினார்கள். கையால் எழுத வேண்டிய தேர்தலில், எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஒன்று பட்டியலில் இருந்தால் கட்சிக்கு அது லாட்டரி. பாடகர், நடிகை, மல்யுத்த வீரர் என்று எல்லாக் கட்சிகளும் ஆள் தேடுவது இதனால்தான். சரி, அந்த நாட்டில் தானியைவிடத் தெரிந்த முகம் வேண்டுமா? ஒரு ஜூடோ காமிக்ஸ் நாயகியின் பெயரால் 'யவாரா-ச்சான்' என்று நாடே செல்லமாகக் கூப்பிட்ட ஆள்.

அவரை அழைத்து வந்தவர் ஜனநாயகக் கட்சியின் அன்றைய பொதுச்செயலாளர் இச்சிரோ ஒசாவா. 2010 மே மாதம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அறிவித்தார்கள். அன்றைக்கே தானி, லண்டன் ஒலிம்பிக்கிலும் தங்கத்துக்கு முயல்வேன் என்றும் சொன்னார். என்னைக் கேட்டால் சறுக்கல் அங்கேதான். நாடாளுமன்ற வேலை பகுதி நேர வேலையா என்று பலருக்கு எரிச்சல். அந்த அக்டோபரிலேயே போட்டிகளிலிருந்து ஓய்வு அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஆனால் இரண்டையும் ஒன்றாகச் செய்தவர் அங்கே இல்லாமல் இல்லை. ஸ்பீட் ஸ்கேட்டிங் (பனித்தள வேகப் பந்தய) வீராங்கனை செய்கோ ஹஷிமோதோ 1995-இல் மேலவை உறுப்பினரானார், அடுத்த வருடமே அட்லாண்டாவில் சைக்கிள் போட்டியில் இறங்கினார். பின்னால் ஒலிம்பிக் துறை அமைச்சர், டோக்கியோ ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் என்று வளர்ந்தார். பிரான்ஸில் ஹெவிவெயிட் ஜூடோ வீரர் தாவீத் துய்யே 2009 இடைத்தேர்தலில் ஜெயித்து, 2011-இல் விளையாட்டு அமைச்சரானார். (சிட்னி இறுதியில் இவர் ஷினோஹாராவை வென்ற தீர்ப்பைப் பற்றி ஜப்பானியர்களிடம் பேச்செடுக்காதீர்கள்.) இவர்கள் தானியைவிட அரசியல் தெரிந்தவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹஷிமோதோ இருந்தது ஜப்பானைப் பெரும்பாலும் ஆண்டுகொண்டிருந்த கட்சி. துய்யே இருந்ததும் அப்போதைய ஆளும் கட்சி. காலுக்குக் கீழே தாத்தாமி, அதாவது ஜூடோ விரிப்பு, நகரவில்லை.

தானிக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. 2010 ஜூன் தொடக்கத்திலேயே அவர் கட்சியின் பிரதமர் ஹதோயாமா ராஜினாமா செய்தார், ஒசாவாவும் பொதுச்செயலாளர் பதவியிலிருந்து இறங்கினார். அழைத்து வந்தவர் வாக்குப் பதிவுக்கு முன்பே ஓரங்கட்டப்பட்டுவிட்டார். கட்சிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்தது 44 இடம்தான். ஆனால் அதன் விகிதாசாரப் பட்டியலில் தனிப்பட்ட வாக்கில் தானி இரண்டாவது. கொடுத்த வேலையை அவர் செய்துவிட்டார்.

2012-இல் விற்பனை வரியை 5 சதவீதத்திலிருந்து 10 ஆக்கும் மசோதா வந்தது. ஒசாவா எதிர்த்து, தன் ஆட்களோடு கட்சியை உடைத்துக்கொண்டு வெளியேறினார். ஜப்பானியப் பத்திரிகைகள் இவருக்கு 'உடைப்பவர்' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தன. 1993-இலேயே ஒரு பெரிய கட்சியை உடைத்தவர். தானியும் கூடவே போனார். ஜூலையில் ஒரு புதுக் கட்சி. வருடக் கடைசியில் அது இன்னொன்றில் கரைந்து, தேர்தலில் மண்ணைக் கவ்வி, வேறு பெயரில் பிழைத்தது. 2014 தேர்தலுக்குப் பிறகு ஒசாவா பக்கம் மிஞ்சியது நாலு பேர். சட்டப்படி அரசியல் கட்சி என்று எண்ணப்பட ஐந்து எம்.பி.க்கள் வேண்டும் என்பதால் நடிகர் தாரோ யமமோதோவைச் சேர்த்துக்கொண்டார்கள். கட்சியின் பெயரே "வாழ்க்கைக் கட்சியும் தாரோ யமமோதோவும் நண்பர்களும்" என்றானது. கிண்டல் இல்லை, பதிவு செய்த பெயரே அதுதான். அந்த ஐந்து பேரில் தானியும் ஒருவர்.

ஆறு வருடத்தில் ஐந்து கட்சிப் பெயர். இதில் எந்தத் துறையில் என்ன சாதித்திருக்க முடியும்? விசுவாசம் என்று சிலர் பாராட்டுவார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. ஜூடோவில் எதிராளியின் சமநிலையைக் குலைப்பதற்குக் குசுஷி என்று பெயர். வாழ்நாள் முழுக்க அதைச் செய்து ஜெயித்தவர், தன் பிடி ஒரே ஆளின் சட்டையில் இருப்பதையும் அந்த ஆள் சாய்ந்துகொண்டிருப்பதையும் கவனித்திருக்கலாம்.

இன்னொன்று. பெயருக்காகத் தேர்ந்தெடுக்கப்படுவது அவருக்கு அரசியலில்தான் முதல் முறை என்று சொல்ல முடியாது. 2007 தேசியத் தேர்வுப் போட்டியின் இறுதியில் அவர் தொமோகோ ஃபுகுமியிடம் தோற்றார், இருந்தும் உலகப் போட்டிக்கு அனுப்பப்பட்டது தானிதான். பட்டத்தோடு திரும்பியதால் வாயடைத்தது. 2008-இலும் இறுதியில் தோற்றார், பெய்ஜிங்குக்கு அவரையே அனுப்பினார்கள். ஃபுகுமியோ 2002-இல் பள்ளி மாணவியாக இருந்தபோதே ஒரு முறை அவரைத் தோற்கடித்தவர்.

லண்டனில் 48 கிலோ போட்டி நடந்தது 2012 ஜூலை 28. தானியின் புதுக் கட்சி தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜப்பானுக்காக இறங்கியது ஃபுகுமி. அரையிறுதியில் தோற்றார், அதே அலினா துமித்ருவிடம்.