டிரிப்ஸ் ஏற்றிய கையில் கறுத்த தடம்: எது மறையும், எதைக் காட்ட வேண்டும்?

கேள்வி: நுரையீரல் அழற்சிக்காக என் நான்கு வயது மகனை மருத்துவமனையில் சேர்த்து, இரண்டு கைகளிலும் மாற்றி மாற்றி டிரிப்ஸ் ஏற்றினார்கள். வீடு திரும்பி ஆறு வாரங்கள் ஆகின்றன. வலது புறங்கையில் சதுரமாகக் கறுத்த தடமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் இருக்கின்றன. இடது கையில் கயிறு போலக் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது. சிகிச்சையில் தவறு நடந்ததா? தழும்பு நிலைத்துவிடுமா? மாமியார் மஞ்சள் பூசச் சொல்கிறார். தோழி ஒருவர் நிறம் வெளுக்கும் கிரீம் கொடுத்திருக்கிறார்.
– சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வசிக்கும் ஒரு தாய்

பதில்: உங்கள் மகனின் கைகளில் தெரிபவை ஒரே காரணத்தால் வந்தவை அல்ல என்பதால் அவற்றைத் தனித்தனியே பார்ப்போம். நீங்கள் விவரித்திருக்கும் அளவில், நிலையான பாதிப்பைக் காட்டும் அறிகுறி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

சதுரத் தடம் பெரும்பாலும் ஊசியால் வந்ததன்று, பிளாஸ்திரியால் வந்தது. குழந்தை கையை அசைத்தாலும் கானுலா (டிரிப்ஸ் ஏற்றுவதற்காக இரத்தக் குழாய்க்குள் செருகும் மெல்லிய பிளாஸ்டிக் குழல்) நழுவாமல் இருக்க அதன் மேல் பிளாஸ்திரியை இறுக ஒட்டிவைப்பார்கள். அதன் அடியில் வியர்வை தேங்கித் தோல் ஊறிப்போகும். உரித்தெடுக்கும்போது மேல்தோலின் மெல்லிய படலமும் சேர்ந்து வந்துவிடும். அப்படி அழற்சி கண்ட இடத்தில் மெலனின் என்னும் நிறமி கூடுதலாகச் சுரப்பதால், நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோல்களில் புண் ஆறிய பிறகும் கறுப்பு தங்கிவிடுகிறது. இது நிற மாற்றமே தவிரத் தழும்பு அன்று. தடம் பழுப்பாக இருந்தால் நிறமி மேல்தோலில்தான் இருக்கிறது. சில மாதங்களில் மங்கத் தொடங்கும், முழுதும் மறைய ஓராண்டுகூட ஆகலாம். நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருந்தால் நிறமி ஆழத்தில் இறங்கியிருக்கிறது. அதற்கு இன்னும் நெடுநாள் பிடிக்கும். நடுவிலுள்ள புள்ளி கானுலா நுழைந்த இடம்.

இடது கையில் தட்டுப்படுவது அழற்சி கண்ட இரத்தக் குழாயாக இருக்கக்கூடும். கானுலாவின் உராய்வாலும் மருந்தின் வீரியத்தாலும் குழாயின் உட்சுவர் தடித்துவிடுவதுண்டு. வலி, சிவப்பு, சூடு எதுவும் இல்லாவிட்டால் அது தானே கரைய விட்டுவிடலாம், தேய்த்துவிட வேண்டாம். வலித்தாலோ பெரிதானாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

தவறு நடந்ததா என்ற கேள்வியைத் தயங்காமல் கேட்டிருக்கிறீர்கள். அது உங்கள் உரிமை. சிறு குழந்தையின் இரத்தக் குழாய்கள் மெல்லியவை, காய்ச்சலில் நீர்ச்சத்து குறைந்திருந்தால் இன்னும் சுருங்கியிருக்கும் என்பதால், ஓரிடத்தில் நிற்காமல் மறுகைக்கு மாற்ற நேர்வது இயல்பு. ஆனால் ஒன்றைக் கட்டாயம் நினைவுபடுத்திப் பாருங்கள்: டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது கை வீங்கி, வெளிறி, கொப்புளம் கண்டதா? மருந்து இரத்தக் குழாயை விட்டுச் சுற்றியுள்ள திசுவுக்குள் கசிந்தால் அப்படி ஆகும். கால்சியம், செறிவான குளுக்கோஸ் போன்றவை கசிந்தால் திசுவே சேதமடையலாம். அப்படி நடந்திருந்தாலும், இப்போது அந்த இடம் குழிந்தோ, பளபளத்தோ, மணல் பரப்பியது போல நெருடியோ இருந்தாலும், விரல் மடக்கத் தயங்கினாலும், சிகிச்சை அளித்த மருத்துவமனையையே தொடர்புகொண்டு மருத்துவக் குறிப்பில் என்ன பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள்.

இவை எதனோடும் சேராத ஓர் அடையாளம் உண்டு. ஊசி படாத இடங்களில் குண்டூசித் தலை அளவில் சிவப்பாகவோ ஊதாவாகவோ புள்ளிகள் தோன்றி, கண்ணாடிக் குவளையை வைத்து அழுத்தியும் அவை மறையாமல், கூடவே காய்ச்சலும் இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பிள்ளை துவண்டிருந்தால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

இனி, எதைப் பூசுவது? தடத்தைவிட, தடத்தைப் போக்கப் பூசுபவைதான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. பெரியவர்கள் மஞ்சளைச் சொல்வது அன்பினால்தான். ஆனால் மஞ்சள் கறையில் நிறம் எப்படி மாறுகிறது என்று கவனிக்க முடியாமல் போகும், சிலருக்கு எரிச்சலும் வரும். எரிச்சல் வந்தால் மறுபடியும் கறுப்புதான். எலுமிச்சை கூடவே கூடாது: அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துப் புதிய கறுப்பு விழும். தோழி தந்த கிரீமைத் தயவுசெய்து மகன் மேல் பூசாதீர்கள். இணையத்திலும் வெளிநாட்டிலும் வாங்கப்படும் இத்தகைய கிரீம்களில் பாதரசமும் வீரியமிக்க ஸ்டீராய்டும் இருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் தோல் வழியே உடலில் சேர்ந்து சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். ஸ்டீராய்டு பிள்ளையின் தோலை மெலியவைக்கும்.

உண்மையில் உதவுவது வெயிலிலிருந்து காப்பதுதான். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு மிகக் கடுமையான அளவான 11ஐத் தொடுவதும் தாண்டுவதும் இங்கு அரிதல்ல. மேகமூட்டமான நாளிலும் கதிர் முழுதாக நின்றுவிடுவதில்லை. நீண்ட கைச் சட்டை போட்டாலும் புறங்கை வெளியேதான் இருக்கும். எனவே காலை 11 மணியிலிருந்து 3 மணி வரை வெளி விளையாட்டைத் தவிர்த்து, மற்ற நேரங்களில் வெளியே போகுமுன் துத்தநாக ஆக்ஸைடு கலந்த, எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சூரியத் தடுப்புக் களிம்பைப் புறங்கையில் பூசுங்கள். குளித்ததும் வாசனையற்ற ஈரப்பதக் களிம்பு போதும். தழும்புக்கென்று விற்கும் சிலிக்கோன் ஜெல் மேடிட்ட தழும்புக்கானது. தட்டையான கறுப்புக்கு வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

பாலர் பள்ளியில் பிள்ளைகள் நுழையும்போதே ஆசிரியர்கள் கைகளைச் சோதித்துப் பார்ப்பார்கள். அவர்கள் கேட்குமுன் நீங்களே சிகிச்சை விவரத்தைச் சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்று: மகன் காதுபட அவன் கை கறுத்துவிட்டதென்று உறவினர் பேச விடாதீர்கள். ஊசிக்குக் கை நீட்டிய பிள்ளைக்குத் தன் நிறத்தைப் பற்றிய கூச்சத்தையும் நாம் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள். ஆறு மாதம் கழித்தும் சற்றும் மங்காவிட்டாலோ, மேடிட்டு அரித்தாலோ, முதலில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) செல்லுங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றால் நிபுணரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். மருத்துவமனை தந்த குறிப்பையும், இதற்குள் ஏதாவது பூசியிருந்தால் அதன் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். எப்போதாவது மீண்டும் டிரிப்ஸ் ஏற்ற நேர்ந்தால், பிளாஸ்திரி இவன் தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று தாதியிடம் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். தோலை உரிக்காத சிலிக்கோன் பிளாஸ்திரியோ, பசையை இளக்கும் திரவமோ இருந்தால் பயன்படுத்துவார்கள்.