அப்டேட் பட்டனை அமுக்க முதல் டொமைன் யார் பெயரில் என்று பாருங்கள்

கேள்வி: செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையின் வெப்சைட்டைப் புதுப்பித்துத் தரச் சொல்கிறார்கள். 2016இல் யாரோ வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளில் செய்தது, அப்புறம் ஒருவரும் தொடவில்லை. அது ஓடும் கணினி மொழி பழைய பி.எச்.பி. 5.6, மாத முடிவில் அந்தப் பதிப்பை நிறுத்துவதாக, சைட்டுக்கு இடம் தரும் ஹோஸ்டிங்காரர் மெயில் போட்டிருக்கிறார். முதலாளியோ "ஒரு அப்டேட்தானே தம்பி" என்கிறார். எங்கே தொடங்குவது, எவ்வளவு கேட்பது? (கொட்டாஞ்சேனை வாசகர்)

தம்பி, முதலில் டொமைன், அதாவது சைட்டின் முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். கொழும்பில் நான் கைவைத்த பழைய சைட்டுகளில் என்னை அலைக்கழித்தது பெரும்பாலும் மென்பொருள் இல்லை, இடையில் நின்ற ஆள்தான். டொமைனைத் தன் பெயரில் பதிந்து, ஹோஸ்டிங் பாஸ்வேர்டையும் தானே வைத்துக்கொண்டு, வருடா வருடம் 'ரினியூவல்' என்று காசு வாங்குவார், நீங்கள் உள்ளே வந்ததும் போனை எடுக்க மாட்டார். எனக்கு ஒரு தடவை ஆறு கிழமை அப்படிப் போனது. டொட் எல்கே என்றால் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் அது கடையின் பெயரில், கடையின் மெயிலில் இருக்க வேண்டும். அது சரியாகும்வரை விலை சொல்லாதீர்கள்.

5.6க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டன. இத்தனை வருடம் ஓடவிட்டுவிட்டு, இப்போது சில நாள் தவணையில் ஒரு மெயில்! என்ன செய்ய, தவணை கேட்டுப் பாருங்கள்.

வேலையை ஓடுகிற சைட்டில் செய்யாதீர்கள். ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டையும் பேக்கப் எடுத்து, ஒரு சப்டொமைனில், அதாவது அதே டொமைனின் கிளை முகவரியில், நகல் போட்டு அங்கே செய்யுங்கள். 5.6இல் வேர்ட்பிரஸ் 6.2 வரைதான் ஏறும், 6.3 முதல் பி.எச்.பி. 7 கேட்கும். ஆகவே முதலில் 6.2, பிறகு பி.எச்.பி.யை உயர்த்தி, கடைசியாக வேர்ட்பிரஸின் மிச்சப் பதிப்புகள். வெள்ளைத் திரை வந்தால் பெரும்பாலும் பழைய தீமோ (சைட்டின் தோற்றம்) பிளகினோ (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) தான் காரணம். அந்தத் தீம் காசு கொடுத்து வாங்கியதா, காசுத் தீமின் திருட்டு நகலை எங்கேயோ இலவசமாக இறக்கியதா என்று பாருங்கள். திருட்டு நகல் என்றால் திருத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள், அதற்குள் பலவேளை கள்ளக் கதவு வைத்துத்தான் விடுகிறார்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். தமிழ்ப் பக்கங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவையா என்று பாருங்கள். ஒரு வரியை கொப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் பாமினிதான், டேட்டாபேஸில் தமிழே இல்லை, எழுத்துருதான் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது. தீம் மாறியதும் பக்கம் முழுக்கக் குப்பையாகும், முதலாளி உங்களைத்தான் ஏசுவார். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும், ஆனால் டேட்டாபேஸை மொத்தமாகக் கன்வேர்ட்டரில் போட்டால் இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் பக்கத்தை அமைக்கும் எச்.டி.எம்.எல். குறிகளும் சேர்ந்து தமிழாகி சைட்டே சிதறிவிடும். பக்கம் பக்கமாக, தமிழ் வரிகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள், பிறகு கடையில் ஒருவரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

விலையை இரண்டாகப் பிரியுங்கள்: நகல் போட்டு நிலைமை பார்ப்பதற்கு ஒரு தொகை முன்பணமாக, மிச்சம் பார்த்த பிறகு. தமிழ்ப் பக்கங்களுக்குப் பக்கக் கணக்கில் தனியாக வாங்குங்கள், தீம், பிளகின் லைசன்ஸ் கடைக்காரரின் கார்டில், கடைப் பெயரில். புதிய சைட்டுக்கு மாற்றும் நாளை மட்டும் அட்சய திருதியைக் கிழமையில் வைத்துவிடாதீர்கள்.