ஏசி 24 காட்டுது, அறை ஏன் புழுங்குது?

கேள்வி: நகரியிலும் திருத்தணியிலும் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறோம். இரண்டும் மேல்மாடி; ஒவ்வொன்றிலும் இரண்டு 1.5 டன் ஏசி. எது அதிகம் கரண்ட் இழுக்கிறது என்றே பிடிபடவில்லை. ஏசி 24 காட்டியும், நாலு மணி பேட்ச் பிள்ளைகள் புழுங்குகிறது என்கிறார்கள். புது ஏசி வாங்கலாமா? – வாசகர், நகரி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பில்லை ரூபாயில் ஒப்பிட்டுப் பயனில்லை. தமிழ்நாட்டுத் திருத்தணியில் இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், ஆந்திராவின் நகரியில் மாதாமாதம், கட்டணமும் வேறு. ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள். கூடவே, பூட்டும்போதும் மறுநாள் திறக்கும்போதும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டிய 14 மணி நேரத்தில் 4 யூனிட் ஓடியிருந்தால், ஆளில்லாத அறை சுமார் 285 வாட் தின்றிருக்கிறது. யுபிஎஸ், அணைக்காத கம்ப்யூட்டர், வாட்டர் கூலர் என்று ஒவ்வொன்றாகத் தேடலாம். இதற்குச் செலவே இல்லை.

பகல் கணக்குக்குத்தான் கருவி வேண்டும். ஏசி காட்டும் 24 நீங்கள் ரிமோட்டில் வைத்தது. பிள்ளைகள் தலைக்கருகே உள்ள வெப்பம் அல்ல. உட்கார்ந்தவர் தலை உயரமான 1.1 மீட்டரில் சென்சாரை வையுங்கள். மேற்குச் சுவர், மானிட்டர், ஏசி காற்று நேராக வீசும் இடம் மூன்றும் கூடாது. டிஎச்டி11 என்ற சென்சார் மாடல் மலிவுதான், ஆனால் 2 டிகிரி வரை பிசகும். 24-ஆ 26-ஆ என்ற வழக்கை அது தீர்க்காது. டிஎச்டி22 வாங்குங்கள். ரீடிங்கை அனுப்பும் வைஃபை போர்டோடு ஒரே டப்பாவில் அடைத்தால் போர்டின் சூடும் சேர்ந்துவிடும். ஒரு சாண் வயரில் வெளியே தொங்கட்டும்.

ஏசி லைனுக்கு, வோல்டேஜையும் சேர்த்து அளக்கும் எனர்ஜி மீட்டரை எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். அதன் கிளாம்ப் (வயரைச் சுற்றிக் கவ்வும் வளையம்) பேஸ் வயரை மட்டும் கவ்வ வேண்டும். நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். நேர அமைப்பையும் பாருங்கள்: பல கருவிகள் உலக நேரத்தில் (யுடிசி) பதியும், நம் மாலை 4 மணி அதில் காலை 10.30.

அறை வெப்பம், ஏசி இழுக்கும் கரண்ட் இரண்டையும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்து, ஒரே வரைபடத்தில் போடுங்கள். மூன்று மணிக்கு மேல் ஏசி நிற்காமல் முழு மூச்சில் ஓடியும் அறை சூடேறினால், முதல் சந்தேகம் கூரைமேல். கான்கிரீட் தளம் மதிய வெயிலைச் சில மணி நேரம் தாமதித்துத்தான் உள்ளே இறக்கும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் சீலிங்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அறையைவிட அது பத்து டிகிரி கூடுதல் என்றால், மாடியில் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட்தான் முதல் செலவு. சீலிங் சாதாரணமாக இருந்து, அறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு, அதற்கான மீட்டரில் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,500 பங்கு) தாண்டினால் குறை காற்றோட்டத்தில். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது. எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். இரண்டும் சரியாக இருந்தால்தான் ஃபில்டர், கேஸ் என்று ஏசியைத் தொடுங்கள்.

கேள்வி: ஏசி இல்லாத ஓட்டு வீடு. ராத்திரி ஜன்னலை எப்போது திறப்பது? – வாசகி, பள்ளிப்பட்டு

பதில்: ஒரே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர், ஒன்று கூடத்தில், ஒன்று வெளியே நிழலில். வெளியே உள்ளது கூடத்தில் உள்ளதைவிடக் கீழிறங்கியதும் திறங்கள். காலையில் அது மேலேறியதும் சாத்துங்கள்.