மாதிரி ரயில் லேஅவுட்டுக்கு அவசர நிறுத்தம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டி.சி.சி. முறையில், அதாவது தண்டவாளம் வழியாக ஒவ்வொரு எஞ்சினுக்கும் டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறையில், இயங்கும் லேஅவுட்டில் அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்றைச் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்ததால் அவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: ரயிலை ஓட்டக் கையில் பிடிக்கும் த்ராட்டிலிலேயே சிவப்பு ஸ்டாப் பொத்தான் இருக்கிறதே, லேஅவுட்டின் ஓரத்தில் தனியாக இன்னொன்று எதற்கு?

எச்.ஓ. அளவில், அதாவது 1:87 விகிதத்தில், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு இணையாக ஓடும் ரயில் உண்மையில் விநாடிக்கு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நகர்கிறது. த்ராட்டிலை ஒரு மூலையில் வைத்துவிட்டு மறுபக்கம் பெட்டிகளைக் கோத்துக்கொண்டிருப்பவர், திரும்பி வந்து அதைக் கையில் எடுத்து, சரியான எஞ்சின்தான் திரையில் இருக்கிறதா என்று பார்த்து அழுத்துவதற்கு நான்கு விநாடி பிடித்தால் ரயில் ஒரு மீட்டர் போய்விட்டிருக்கும். போதாக்குறைக்கு, சில த்ராட்டில்களில் அந்தப் பொத்தான் தேர்ந்தெடுத்த எஞ்சினை மட்டுமே நிறுத்தும். வேறு சிலவற்றில் எல்லா எஞ்சின்களையும் நிறுத்தும். உங்களுடையது எந்த வகை என்பதை இரண்டு எஞ்சின்களை ஓடவிட்டு ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த விருந்தினருக்கோ குழந்தைக்கோ த்ராட்டிலின் மெனு புரியாது. ஓரத்தில் பெரிதாக நிற்கும் சிவப்புப் பொத்தான் புரியும்.

கேள்வி: "ஸ்டாப்", "ட்ராக் பவர் ஆஃப்" இரண்டும் ஒன்றுதானா? பொத்தானை எதற்கு இணைப்பது?

இரண்டும் ஒன்றல்ல. டி.சி.சி.யில் ரயில் நின்றாலும் ஓடினாலும் தண்டவாளத்தில் முழு மின்னழுத்தம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும், எச்.ஓ. லேஅவுட்டில் அது பொதுவாக 14 முதல் 16 வோல்ட். வேகத்தைத் தீர்மானிப்பது அந்த மின்னழுத்தத்தின் வழியாகவே போகும் கட்டளைகள். அமெரிக்காவின் மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. வகுத்த தரப்படி, 128 படி வேகக் கட்டளையில் 0 என்ற மதிப்பு சாதாரண நிறுத்தம், எஞ்சினுக்குள் இருந்து கட்டளைகளைப் படிக்கும் டிகோடர், சி.வி. 4இல் (சி.வி. என்பது டிகோடரில் நாம் மாற்றக்கூடிய எண்ணிட்ட அமைப்பு) உள்ள வேகக்குறைப்பு மதிப்புக்கு ஏற்ப மெதுவாக நிறுத்தும். 1 என்ற மதிப்பு அவசர நிறுத்தம், அப்போது சி.வி. 4ஐப் பொருட்படுத்தாமல் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் உடனே நிறுத்தப்படும். முகவரி 0க்கு அனுப்பும் கட்டளை எல்லா டிகோடர்களுக்கும் பொது. ஆகவே "ஸ்டாப்" என்பது கட்டளை. விளக்கு, ஒலி, ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்ட்ஸ் எல்லாம் உயிரோடு இருக்கும். "பவர் ஆஃப்" என்பது தண்டவாளத்துக்கு மின்சாரமே இல்லாமல் செய்வது.

இரண்டு ரயில்கள் எதிரெதிரே வருகின்றன என்றால் ஸ்டாப் போதும். அதுதான் நல்லதும்கூட, ஏனென்றால் நிறுத்திய கையோடு பாயிண்ட்ஸை மாற்றிப் பின்னுக்கு இழுக்கலாம். தடம் புரண்டு எங்கோ மின்கசிவு ஏற்பட்டிருக்கிறது என்றால் பவர் ஆஃப்தான் தேவை. தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பூஸ்டரின் ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு அதைப் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். முழு ஷார்ட்டுக்கு அது சரி. அரைகுறை ஷார்ட்டுக்கு அல்ல. 5 ஆம்பியர் பூஸ்டர் 15 வோல்ட்டில் வெட்டாமலேயே 75 வாட் வரை கொடுக்கும். நாம் கையில் பிடிக்கும் சாதாரணச் சோல்டரிங் இரும்பு 25 வாட்தான். என்னுடைய லேஅவுட்டில் ஒரு முறை பாயிண்ட்ஸின் மீது குறுக்காகச் சாய்ந்த போகி ஒன்றின் சக்கரத்தைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக், வெண்ணெய்போல் இளகி அச்சோடு ஒட்டிக்கொண்டது. பூஸ்டர் கடைசிவரை வெட்டவில்லை. வாடைதான் எனக்குச் சொன்னது.

எனவே என் கருத்து இது: த்ராட்டிலில் உள்ள பொத்தான் ஸ்டாப் கட்டளைக்கு இருக்கட்டும், சுவரிலோ ஓரத்திலோ வைக்கும், காளான்போல் அகன்ற தலையுள்ள காளான் பொத்தான் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கட்டும். அது எந்த மென்பொருளையும் நம்பியிருக்கக் கூடாது.

கேள்வி: 22 மில்லிமீட்டர் துளையில் பொருந்தும் காளான் பொத்தான் வாங்கிவிட்டேன். ட்ராக் வயரை நேராக அதன் வழியே கொண்டுபோகலாமா?

கட்டளைகளை உருவாக்கி அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷனுக்கு அருகிலேயே பொத்தான் இருக்குமானால், பொத்தானின் தொடர்பு உங்கள் பூஸ்டரின் மின்னோட்டத்தைத் தாங்குமானால், கொண்டுபோகலாம். ஆனால் பொத்தானை அறையின் கதவருகே வைப்பதற்காக 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஐந்து மீட்டர் போய் ஐந்து மீட்டர் திரும்பினால், அந்தப் பத்து மீட்டரின் தடை ஏறத்தாழ 0.34 ஓம், 5 ஆம்பியரில் 1.7 வோல்ட் அங்கேயே போய்விடும். எஞ்சின் சற்று மெதுவாகும் என்பது சிறிய விஷயம். ஷார்ட் ஏற்படும்போது அந்தத் தடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி, பூஸ்டர் வெட்டவேண்டிய அளவுக்கு அது ஏறாமல் தடுத்துவிடலாம் என்பதே பெரிய விஷயம். பாதுகாப்புக்காகச் செய்த வேலை இருந்த பாதுகாப்பைக் கெடுத்த கதையாகிவிடும்.

ஆகவே ரிலே வையுங்கள், அதாவது சுருளில் ஓடும் சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச். தனி 12 வோல்ட் அடாப்டர் ஒன்று. அதிலிருந்து காளான் பொத்தானின் என்.சி. தொடர்பு வழியாக, அதாவது அழுத்தாதபோது மூடியிருக்கும் தொடர்பு வழியாக, ரிலேயின் சுருளுக்கு மின்சாரம். பொத்தான் இரண்டோ மூன்றோ என்றால் எல்லாவற்றையும் தொடராக இணையுங்கள். ரிலேயின் என்.ஓ. தொடர்புகள், அதாவது சுருளில் மின்சாரம் இல்லாதபோது திறந்திருக்கும் தொடர்புகள், இரண்டின் வழியாக ட்ராக் வயர்கள் இரண்டும் போகட்டும். ஒவ்வொரு தொடர்பும் 10 ஆம்பியர் தாங்கினால் போதும். சுருளின் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்றைத் தலைகீழாகப் போட்டுவிடுங்கள். கதவுவரை நீளும் வயரில் சுருளுக்கான சிறு மின்னோட்டம் மட்டுமே ஓடுவதால் அழைப்புமணிக்குப் போடும் மெல்லிய வயரே போதுமானது.

இந்த அமைப்பில் வயர் அறுந்தாலும், அடாப்டர் பழுதானாலும், முனை கழன்றாலும் ரிலே விழுந்து ரயில் நிற்கும். பொத்தானில் என்.ஓ. தொடர்பை வைத்து "அழுத்தினால் ரிலே இழுக்கும்" என்று செய்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். எலி கடித்த வயர் பற்றி அவர்களுக்குத் தெரியவரும் நாள், பொத்தான் உண்மையாகவே தேவைப்படும் நாளாக இருக்கும்.

வீட்டு மின்சாரத்துக்கான சாலிட் ஸ்டேட் ரிலேயைப் பயன்படுத்தவேண்டாம். அவை 50 ஹெர்ட்ஸுக்கு ஆனவை, டி.சி.சி. சமிக்ஞை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறுவதால் அவை ஒழுங்காக அணையாது. டிக் என்று சத்தம் போடும் பழைய ரிலேதான் இங்கே நல்லது.

வேலை முடிந்ததும் லேஅவுட்டின் மிகத் தொலைவான மூலையில் ஒரு நாணயத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே வைத்துப் பாருங்கள். பூஸ்டர் அந்தக் கணமே வெட்டவேண்டும்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? பிளக் பாயிண்டில் 230 வோல்ட்டையே அணைத்துவிட்டால் ஆகாதா?

அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது அணைக்க அது சரியான வழி. அவசரத்துக்கு அல்ல. அடாப்டருக்குள் உள்ள மின்தேக்கிகளில் மிச்சமிருக்கும் மின்சாரத்தில் ரயில் இன்னும் சற்றே ஓடும்; கமாண்ட் ஸ்டேஷன் தன் நினைவில் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் பாதியில் நின்றுபோகும்; அறை விளக்கும் அதே ஸ்விட்சில் இருந்தால் இருட்டில் தடுமாறுவீர்கள்.

கேள்வி: கீப்-அலைவ் மின்தேக்கி வைத்த எஞ்சின், பொத்தானை அழுத்திய பிறகும் ஓடுகிறது. இதற்கு என்ன செய்வது?

அழுக்கான தண்டவாளத்தில் தடுமாறாமல் ஓடவேண்டும் என்பதற்காகத்தானே அதை வைத்தோம்! டிகோடரைப் பொறுத்தவரை, நீங்கள் துண்டித்ததும் ஓர் அழுக்குத் திட்டுதான். கடைசியாகக் கேட்ட வேகத்தில், மின்தேக்கி தீரும்வரை ஓடும். மூன்று விநாடி தாங்கும் மின்தேக்கி என்றால், மேலே சொன்ன வேகத்தில் அது முக்கால் மீட்டர்.

முதல் வழி, டிகோடரின் அமைப்பில் அந்த நேரத்தைக் குறைப்பது. இ.எஸ்.யு. நிறுவனத்தின் லோக்சவுண்ட் வகைகளில் சி.வி. 113 இதற்கானது, எண்ணைக் குறைத்தால் மின்சாரம் இல்லாமல் ஓடும் நேரம் குறையும். வேறு நிறுவன டிகோடர் என்றால் அதன் கையேட்டில் இதற்கு இணையான சி.வி. இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு விநாடியின் சிறு பகுதியே பெரும்பாலான அழுக்குத் திட்டுகளைக் கடக்கப் போதும். மூன்று விநாடி தேவைப்படுகிறது என்றால் துடைக்கவேண்டியது தண்டவாளத்தை. சி.வி. 11 என்பதும் உண்டு: குறிப்பிட்ட நேரத்துக்குள் தன் முகவரிக்குக் கட்டளை எதுவும் வராவிட்டால் டிகோடர் தானாக நின்றுகொள்வதற்கானது. எல்லா டிகோடர்களும் அதை மதிப்பதில்லை.

இரண்டாம் வழி, முதலில் ஸ்டாப் கட்டளையை அனுப்பி, அரை விநாடி கழித்து மின்சாரத்தைத் துண்டிப்பது. காளான் பொத்தானில் இரண்டாவது தொடர்புக் கட்டை ஒன்றைப் பொருத்தி அதைக் கட்டளைக்கும், தாமதமாக விழும் டைமர் ரிலேயை மின்சாரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். டி.சி.சி.-இ.எக்ஸ். போன்று ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் ஓடும் கமாண்ட் ஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. அதில் எல்லா எஞ்சின்களையும் நிறுத்தத் தனிக் கட்டளையே இருக்கிறது. மற்றவர்கள் முதல் வழியோடு நின்றுகொள்வது நல்லது. தாமதப்படுத்தும் பாகம் பழுதானாலும் மின்சாரம் துண்டிக்கப்பட்டே ஆகவேண்டும் என்ற ஒழுங்கோடு அதை அமைப்பதற்குச் சற்றுப் பயிற்சி தேவை.

கேள்வி: பொத்தானை முறுக்கி விடுவித்ததும் எல்லா ரயில்களும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டன!

கமாண்ட் ஸ்டேஷனுக்கு நீங்கள் ட்ராக்கைத் துண்டித்ததே தெரியாது. அது பழைய வேகக் கட்டளைகளைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தது. மின்சாரம் வந்ததும் எஞ்சின்கள் கீழ்ப்படிந்தன. எல்லா த்ராட்டில்களையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே விடுவிக்கவேண்டும் என்பது ஒழுங்கு. ஆனால் ஒழுங்கை நம்புவதைவிடக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரைப் பின்பற்றுவது மேல். சிவப்பை அழுத்தினால் மோட்டார் நிற்கும். கரண்ட் போய் வந்தாலும் பச்சையை அழுத்தாமல் அது ஓடாது. அதே ஏற்பாட்டுக்கு மூன்று ஜோடித் தொடர்புள்ள ரிலேயை வாங்கி, இரண்டை ட்ராக்குக்கும், மூன்றாவதைச் சுருளைத் தானே பிடித்துவைக்கவும் பயன்படுத்துங்கள். மூன்றாவது தொடர்புக்கு இணையாக ஒரு பச்சை அழுத்துபொத்தான். இனிக் காளானை விடுவித்தாலும் எதுவும் நகராது. மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும்போது நீங்கள் அறையில் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

மின்சாரம் வந்ததும் ஒரே ஓர் எஞ்சின் மட்டும் முழு வேகத்தில் பாய்கிறது என்றால் அது வேறு நோய். டிகோடர் அதை, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தே வேகத்தை மாற்றும் பழைய டி.சி. லேஅவுட் என்று எண்ணிக்கொள்கிறது. சி.வி. 29இல் 4 என்ற கூறை எடுத்துவிடுங்கள். மதிப்பு 6 ஆக இருந்தால் 2 ஆக்குங்கள்.

கேள்வி: கைப்பேசியைத்தான் த்ராட்டிலாகப் பயன்படுத்துகிறேன். வைஃபை துண்டித்துப்போனால்?

லேஅவுட்டைக் கணினியில் இயக்கும் ஜே.எம்.ஆர்.ஐ. மென்பொருளில் கைப்பேசிகளை இணைக்கும் வைத்ராட்டில் சேவையில், கைப்பேசியிலிருந்து சில விநாடிகள் செய்தி வராவிட்டால் அந்த எஞ்சினை நிறுத்தும் வசதி இருக்கிறது. அமைப்புகளில் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அழைப்பு வந்தவுடன் திரை மாறிவிடும் கருவியை ஒரே நிறுத்துவழியாக வைத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: பூஸ்டர்கள் இரண்டு, பாயிண்ட்ஸும் அதே மின்சாரத்தில்தான். ஒரு ரிலே போதுமா?

ஒவ்வொரு பூஸ்டரின் வெளியீட்டுக்கும் தனித் தொடர்புகள் வேண்டும்; இரண்டின் வயர்களையும் ஒரே தொடர்பில் சேர்க்கவே கூடாது. இரண்டு ரிலேக்களின் சுருள்களை இணையாக வைத்து ஒரே பொத்தான் வரிசையால் இயக்குங்கள். பாயிண்ட்ஸுக்கான டிகோடர்களை முடிந்தால் ரிலேக்கு முன்பிருந்தே தனி வயரில் பிரித்துவிடுங்கள். அப்போதுதான் தண்டவாளம் செத்திருக்கும்போதும் பாதையை மாற்றி, சிக்கிய பெட்டிகளைக் கையால் தள்ளி வெளியே எடுக்க முடியும்.