வேனில் இன்னொரு வரிசை இருக்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சரக்கு ஏற்றுவதற்காக வாங்கிய எங்கள் வேனின் பின்பகுதி இப்போது பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. குடும்பத்தினர் அமர்வதற்காக, மூன்று பேர் உட்காரக்கூடிய நீள இருக்கை ஒன்றைப் பழைய வண்டியிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். தரையில் துளையிட்டு நான்கு போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். இது பாதுகாப்பானதா?

பதில்: இல்லை. போல்ட் தரமானதாகவே இருக்கலாம்; அது பிடித்துக்கொண்டிருக்கும் தரைத்தகடு தாங்காது என்பதே சிக்கல்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதன்மீதாவது மோதி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு விசையுடன் முன்னோக்கிப் பாயும். 75 கிலோ எடையுள்ள மூவரும் 60 கிலோ எடையுள்ள இருக்கையும் சேர்ந்தால் 285 கிலோ. சீட் பெல்ட்டுகள் இருக்கையிலேயே பொருத்தப்பட்டிருந்தால், ஏறத்தாழ நான்கு டன் இழுப்பு முழுவதும் இருக்கையின் கால்கள் வழியாகத் தரைக்குத்தான் போயாக வேண்டும். அதுவும் நெஞ்சு உயரத்தில் தோன்றும் இழுப்பு என்பதால், இருக்கை முன்கால்களை ஊன்றிக்கொண்டு கவிழப் பார்க்கும். பின்கால்களின் போல்ட்டுகள் நெம்புகோலால் பிடுங்கப்படுவதைப்போல் மேல்நோக்கி இழுக்கப்படும். வேனின் தரைத்தகடோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமே உடையது. சாதாரண வாஷர் போட்ட நட்டு, அந்தத் தகட்டைக் காகிதத்தைப்போல் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

ஆகவே, முதலில் தங்கள் வேனின் அதே உடலமைப்பில் பயணிகள் வகை ஒன்றைத் தயாரிப்பாளர் விற்கிறாரா என்று விசாரியுங்கள். அப்படி இருந்தால், சரக்கு வகையின் தரையிலும் அந்த இருக்கைகளுக்கான வலுவூட்டிய பொருத்துமிடங்கள் மூடியிட்ட நிலையில் இருக்க வாய்ப்புண்டு. அந்த இடங்களில் அதே மாதிரிக்கான இருக்கையையும் பெல்ட்டையும் பொருத்துவதுதான் நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கும் ஒரே எளிய வழி. அது இயலாவிட்டால், மோதல் விசைக்குச் சோதிக்கப்பட்ட இருக்கையையும் தண்டவாளம் போன்ற தரைச்சட்டத்தையும் ஒரே தொகுப்பாகப் பொருத்தித் தரும் மாற்றமைப்பு நிறுவனத்திடம் செல்லுங்கள். தங்கள் வேன் மாதிரியில் அத்தொகுப்பு சோதிக்கப்பட்டதற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

துளையிட்டுத்தான் பொருத்த வேண்டுமென்றால், தரைக்கு அடியில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அகலமான எஃகுத் தகடு வேண்டும். இயன்றவரை அந்தத் தகடு சேசிஸ் சட்டத்தையோ குறுக்குச் சட்டத்தையோ பற்றியிருக்க வேண்டும். ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன்: பந்தயக் கார்களுக்கான பன்னாட்டு விதிகள் ஓர் ஆள் அமரும் ஒற்றை இருக்கைக்கே குறைந்தது 8 மில்லிமீட்டர் போல்ட் நான்கையும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட எஃகுத் தகட்டையும் கோருகின்றன. இந்த அளவை அப்படியே தங்கள் வண்டிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. மூவர் அமரும் இருக்கைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வாகனப் பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். துளையிடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய், மின்கம்பி ஆகியவை எங்கே செல்கின்றன என்று பாருங்கள். மின்சார வேனின் தரைக்குக் கீழே உயர் மின்னழுத்த பேட்டரி இருக்கும் என்பதால், அதில் சொந்தமாகத் துளையிடும் எண்ணமே வேண்டாம்.

பெல்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இடுப்பை மட்டும் சுற்றும் பட்டை போதாது. மோதலில் உடலின் மேற்பகுதி முன்னால் மடங்கும்போது வயிற்றின் உள்ளுறுப்புகளும் முதுகெலும்பும் காயமடைகின்றன. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மும்முனைப் பெல்ட்டையே கேளுங்கள். 1959 முதல் கார்களில் வரும் அமைப்புதான் அது. ஆனால் பெல்ட் தாங்குவதற்கென வடிவமைக்கப்படாத இருக்கையின் சட்டத்தில் அதைக் கட்டவே கூடாது. பெல்ட்டைச் சுருட்டி வைக்கும் பெட்டிக்குள், வண்டி சட்டென வேகம் குறைவதை உணர்ந்து பூட்டிக்கொள்ளும் சிறு பொறி இருக்கிறது; பெட்டியைத் தவறான கோணத்தில் பொருத்தினால் அது எப்போதும் பூட்டியே கிடக்கும், அல்லது தேவையான நேரத்தில் பூட்டாது. தாங்கள் வாங்கிய இருக்கை எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டி விபத்தில் சிக்கியதா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஒருமுறை மோதலின் இழுப்பைத் தாங்கிய பெல்ட்டை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

இருக்கைகளின் எண்ணிக்கை வாகனப் பதிவில் குறிக்கப்படுவது. அதை மாற்றுவதற்கு அனுமதியும் ஆய்வும் வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். ஓட்டுநரைத் தவிர எட்டுப் பேருக்கு மேல் இருக்கை அமைந்தால், பல நாடுகளில் சாதாரணக் கார் உரிமம் அந்த வண்டியை ஓட்டப் போதாது.

கேள்வி: பின் அச்சுக்கும் பின்னால், கதவை ஒட்டி இருக்கை அமைக்கலாமா? அங்குதான் இடம் இருக்கிறது.

பதில்: முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். முன், பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் இருக்கும் வேனில், பின் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் பின்னால் அதே 285 கிலோவை வைத்தால், பின் அச்சின் மீது 361 கிலோ கூடும். முன் அச்சிலிருந்து 76 கிலோ குறையும். முன் சக்கரங்களின் பிடிப்புக் குறையும்போது ஸ்டீயரிங்கும் முன் சக்கர பிரேக்கும் தளர்கின்றன. மொத்த எடை வரம்புக்குள் இருக்கும்போதே பின் அச்சின் தனி வரம்பு மீறப்படலாம் என்பதால், ஆட்களை ஏற்றிய நிலையில் ஒவ்வோர் அச்சையும் எடைமேடையில் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் எனக்குக் கவலை தருகிறது. சரக்கு வேன்கள் பலவற்றில் பின் கதவை உள்ளிருந்து திறக்கக் கைப்பிடியே கிடையாது. தீயோ வெள்ளமோ சூழ்ந்த நேரத்தில், பின்வரிசையில் இருப்பவர் வேறெவருடைய உதவியும் இன்றி வெளியேற ஒரு வழி இல்லையென்றால், அங்கே யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

கேள்வி: பக்கவாட்டில், ஒருவரையொருவர் பார்த்தபடி அமரும் பலகை இருக்கைகள் பிள்ளைகளுக்குப் போதாதா?

பதில்: நின்றிருக்கும் வண்டியில் உட்காரலாம், ஓடும் வண்டியில் கூடாது. முன்பக்க மோதலில் பக்கவாட்டாக அமர்ந்தவரின் இடுப்பைப் பட்டை பிடித்தாலும், உடலும் தலையும் பக்கவாட்டில் வீசப்படும். அந்தத் திசையில் கழுத்துக்குத் தாங்கும் வலு குறைவு. குழந்தை இருக்கையையும் அத்தகைய பலகையில் பொருத்த இயலாது. பிள்ளைகள் முன்னோக்கிய இருக்கையில், தத்தம் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற குழந்தை இருக்கையில்தான் பயணிக்க வேண்டும்.