மும்பை லோக்கல் ரயிலிலிருந்து விழுந்தவருக்கு இழப்பீடு உண்டா?

கேள்வி: குர்லாவில் ஏறிய என் தம்பி, சயான் வருவதற்குள் கூட்ட நெரிசலில் வாசலிலிருந்து விழுந்துவிட்டான். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சீசன் பாஸும் தொலைந்துவிட்டது. வாசலில் நின்றது அவன் தப்பு, ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். ஐந்து மாதம் ஓடிவிட்டது. என்ன செய்வது?
- ஒரு வாசகர், தாராவி

பதில்: அப்படிச் சொல்பவர்கள் சொல்வது தவறு. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுவது ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவில் வருகிறது. அங்கே யார் தப்பு என்ற கேள்விக்கே இடமில்லை. தற்கொலை முயற்சி, தானே வரவழைத்துக்கொண்ட காயம், குற்றச்செயல், போதை, மனநிலை பாதிப்பு, நோய் ஆகிய காரணங்களுக்கு மட்டும் இழப்பீடு கிடையாது. ஏறும்போதோ இறங்கும்போதோ கவனக்குறைவால் விழுந்தாலும் அது தானே வரவழைத்துக்கொண்ட காயம் ஆகாது என்று 2018-ல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாஸ் கையில் இல்லை என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக்கூடாது என்பதும் அதே தீர்ப்புதான். எந்த ஸ்டேஷனில், எத்தனை மணிக்கு ஏறினார், பாஸ் எப்போது எடுத்தது என்று தம்பி அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) கொடுக்கட்டும். அதன் பிறகு, அவர் பயணி இல்லை என்று நிரூபிப்பது ரயில்வேயின் பொறுப்பு. பாஸை மொபைல் ஆப்பில் எடுத்திருந்தால் அந்தப் பதிவு, இல்லையென்றால் பழைய பாஸ்கள், வேலை செய்யும் இடத்தின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

வழக்கு சறுக்கும் இடம் வேறு. “தண்டவாளம் தாண்டும்போது அடிபட்டார்” என்ற ஒரு வரி முதல் பதிவில் ஏறிவிட்டால், ரயில்வே தரப்பு கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளும். அதனால் ஜி.ஆர்.பி. (ரயில்வே போலீஸ்) சாட்சிகள் முன்னால் எழுதிய பஞ்சநாமா, ஸ்டேஷன் மாஸ்டர் மெமோ, ஆஸ்பத்திரியின் முதல் கேஸ் பேப்பர் மூன்றின் நகலையும் இப்போதே வாங்கி வரிவரியாகப் படியுங்கள். தவறு இருந்தால் உடன் பயணித்தவர் ஒருவரின் வாக்குமூலத்தையும் சேர்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் பேப்பரில் கால் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது, மீதி எவ்வளவு நீளம் என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா பாருங்கள். காயத்துக்கான தொகையை விதிகளின் அட்டவணை அதை வைத்தே தீர்மானிக்கிறது. 1.1.2017 முதல் உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். காயங்களுக்கு அதற்குள் படிப்படியாக.

மனுவை மும்பையிலுள்ள ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில் (ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயம்) போடுங்கள். விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் கெடு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிப்பார்கள். ஆனால் உங்களுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, அந்த மன்னிப்பை நம்பி இருக்க வேண்டாம். யார் வந்து கேட்டாலும் வெற்றுத் தாளில் தம்பியின் கையெழுத்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மாட்டுங்காவில் தண்டவாளம் தாண்டும்போது அப்பா அடிபட்டார். எங்களுக்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. 124-ஏ பயணிகளுக்கானது. அனுமதியின்றித் தண்டவாளம் தாண்டுவது 147-ஆம் பிரிவில் குற்றம். ரயில்வேயின் கவனக்குறைவை நிரூபிக்க முடியும் என்றால் மட்டும் சிவில் கோர்ட் வழி பற்றி வக்கீலிடம் கேளுங்கள்.