லிமிட் சுவிட்சில் முட்டி நின்ற மோட்டார் திரும்பி ஓட மறுப்பது ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கோழிப்பண்ணையில் கூண்டு வரிசைகளுக்கு நடுவே தீவன வண்டி தண்டவாளத்தில் ஓடுகிறது. இரண்டு கோடியிலும் லிமிட் சுவிட்ச் வைத்திருக்கிறீர்கள். முட்டியதும் வண்டி நின்றுவிடுகிறது. ஆனால் அதற்கப்புறம் எந்தப் பக்கமும் நகர மாட்டேன் என்கிறது. தானாக நின்று, தானாகத் திரும்பி வர என்ன செய்வது?

அநேகமாக இரண்டு சுவிட்சையும் மோட்டாருக்குப் போகும் ஒரே வயரில் தொடராகப் போட்டிருப்பீர்கள். வண்டி முட்டியது, சுவிட்ச் திறந்தது, கரண்ட் போனது. இப்போது வண்டி அந்தச் சுவிட்சை அழுத்திக்கொண்டே நிற்கிறது. திரும்பி ஓடுவதற்கும் அதே வயரில்தான் கரண்ட் வர வேண்டும், அது எப்படி வரும்? கையால் ஓரடி தள்ளிவிட்டால் உடனே ஓடும், பாருங்கள். லிமிட் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தக் கூடாது. அந்தத் திசையை மட்டும் நிறுத்த வேண்டும், எதிர்த்திசைக்கு வழி திறந்தே இருக்க வேண்டும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் எந்த மோட்டாராக இருந்தாலும் சர்க்யூட்டை நீங்களே யோசித்துப் போட்டுவிடலாம்.

நிறுத்தும் வேலைக்கு எப்போதும் என்.சி. முனையை எடுங்கள். அதாவது சும்மா இருக்கும்போது மூடியிருந்து, அழுத்தினால் திறப்பது. எலி வயரைக் கடித்தாலோ ஸ்க்ரூ தளர்ந்தாலோ வண்டி நின்றுவிடும், அதோடு போகும். என்.ஓ. முனையை (சும்மா இருக்கும்போது திறந்திருந்து, அழுத்தினால் மூடுவது) வைத்து நிறுத்தினால், வயர் அறுந்தது உங்களுக்குத் தெரிய வருவது வண்டி சுவரில் மோதும்போதுதான்.

என்ன மோட்டார் என்று நீங்கள் சொல்லவில்லை. பண்ணைகளில் நான் பார்த்த மூன்று வகைக்கும் சொல்கிறேன்.

முதலாவது, 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் கார் வைப்பர் மோட்டார். இதில் பிளஸ் மைனஸை மாற்றினால் திசை மாறும். ஆறு முனை கொண்ட டாகிள் சுவிட்சில் குறுக்கு வயர் போட்டால் முன்னே, பின்னே இரண்டும் கிடைக்கும். மோட்டார் வயரில் இரண்டு லிமிட் சுவிட்சின் என்.சி.யையும் இப்போது உள்ளதுபோலத் தொடராகவே விடுங்கள். ஒவ்வொரு சுவிட்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்று போடுங்கள், இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்தபடி. சுவிட்ச் திறந்ததும் ஒரு திசைக் கரண்டை டயோடு மறித்துவிடும். டாகிளை மாற்றினால் எதிர்த்திசைக் கரண்ட் டயோடு வழியாகப் போய் வண்டியைக் கிளப்பும். சில அங்குலம் நகர்ந்ததும் சுவிட்ச் மூடிக்கொள்ளும், டயோடுக்கு வேலை முடிந்தது. எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று குழம்ப வேண்டாம். ஒரு சுவிட்சைக் கையால் அழுத்திக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். அந்தக் கோடியை நோக்கிப் போகும் திசையில் மோட்டார் ஓடி, திரும்பும் திசையில் ஓடாவிட்டால் டயோடு தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். கடையில் 1என்4007 கொடுப்பார்கள், அது 1 ஆம்பியருக்குத்தான். வைப்பர் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டுக்கு 10 ஆம்பியர் டயோடாக வாங்குங்கள்.

பல வைப்பர் மோட்டார்களில் மைனஸ் பிரஷ் மோட்டாரின் உடம்போடு சேர்ந்திருக்கும். காரில் அது சரி. இங்கே இரும்பு வண்டியில் மோட்டாரை போல்ட் செய்து, பேட்டரி மைனஸும் அதே இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், பிளஸ் மைனஸை மாற்றிய கணமே நேரடி ஷார்ட். ரப்பர் வாஷரும் பிளாஸ்டிக் புஷ்ஷும் வைத்து மோட்டார் உடம்பைத் தனிமைப்படுத்துங்கள், இல்லையென்றால் பேட்டரியின் எந்த முனையும் வண்டியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பியூஸ் கட்டாயம்.

தானாகத் திரும்ப வேண்டுமென்றால் டாகிளுக்குப் பதில் மூன்று செட் காண்டாக்ட் உள்ள, 11 பின் ரிலே (காயிலில் கரண்ட் வந்தால் காண்டாக்டுகளை மாற்றும் சுவிட்ச்) ஒன்று போதும். இரண்டு செட் திசை மாற்றுவதற்கு, மூன்றாவது ஹோல்டிங்குக்கு. 'அ' கோடிச் சுவிட்சின் என்.ஓ. அழுந்தினால் ரிலே இழுக்கும், வண்டி 'ஆ' பக்கம் கிளம்பும். 'அ' சுவிட்ச் விடுபட்ட பிறகும் ரிலே தன் மூன்றாவது செட் வழியாகத் தன்னைத்தானே பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ஹோல்டிங் லைன் 'ஆ' சுவிட்சின் என்.சி. வழியாக வர வேண்டும். வண்டி 'ஆ'வில் முட்டியதும் பிடி விடும், ரிலே விழும், வண்டி 'அ' பக்கம் திரும்பும். 'ஆ' சுவிட்ச் மறுபடி மூடினாலும் ரிலே இழுக்காது, ஏனென்றால் ஹோல்டிங் செட் ஏற்கெனவே திறந்துவிட்டது. டயோடு எதுவும் வேண்டாம். எனக்குப் பிடித்த சர்க்யூட் இது. நடுவழியில் கரண்ட் போய் வந்தாலும் வண்டி குழம்பாமல் 'அ' பக்கம்தான் போகும்.

இரண்டாவது, சிங்கிள் பேஸ் மோட்டார். நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். முதலில் வயரை எண்ணுங்கள். மூன்று வயர் மட்டும் வெளியே வந்து, மல்டிமீட்டரில் காமனுக்கும் மற்ற இரண்டுக்கும் ஒரே ஓம்ஸ் காட்டினால் இரண்டு காயிலும் சமம். செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துணி துவைக்கும் மோட்டார் இந்த ஜாதி. கண்டன்சர் (கெப்பாசிட்டர்) இரண்டு காயில் முனைகளுக்கும் நடுவே இருக்கும், எந்த முனைக்கு நேராக லைன் கொடுக்கிறோமோ அதை வைத்துத் திசை மாறும். இதற்கு ஒவ்வொரு காயில் வயரிலும் அந்தந்தத் திசையின் லிமிட் என்.சி.யைப் போட்டால் முடிந்தது. ஆனால் சுவிட்ச் லைன் பக்கம் இருக்க வேண்டும், கண்டன்சர் மோட்டார் பக்கம் இருக்க வேண்டும். இன்னொன்று, லைன் கொடுக்காத இன்னொரு வயரிலும் கண்டன்சர் வழியாக வோல்டேஜ் வரும். சும்மா கிடக்கும் வயர் என்று நினைத்துத் தொடாதீர்கள்.

ஆனால் பண்ணையில் கிடைக்கிற 1 எச்.பி. மோட்டார் பெரும்பாலும் கெப்பாசிட்டர் ஸ்டார்ட் வகையாக இருக்கும். ரன்னிங் காயில் தனி, ஸ்டார்ட்டிங் காயில் தனி. உள்ளே ஒரு சென்ட்ரிபியூகல் சுவிட்ச் இருக்கும். கிளம்பி முக்கால்வாசி வேகம் பிடித்ததும் அது ஸ்டார்ட்டிங் காயிலைக் கழற்றிவிடும், அந்த 'டக்' சத்தம் வெளியே கேட்கும். ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு நுனியை மாற்றினால் திசை மாறும் என்று ரீவைண்டிங் கடையில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் மோட்டார் நின்றிருந்தால் மட்டும். ஓடும்போது மாற்றினால் அந்தக் காயில் சர்க்யூட்டிலேயே இல்லை, மோட்டாருக்கு நீங்கள் மாற்றியதே தெரியாது. அது பாட்டுக்கு அதே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். யோசித்துப் பாருங்கள்: வண்டி கோடிக்கு வருகிறது, லிமிட் முட்டுகிறது, உங்கள் ரிலே சரியாகத் திசையை மாற்றுகிறது, மோட்டார் வேகம் குறையாமல் சுவரை நோக்கிப் போகிறது. சர்க்யூட்டில் எத்தனை முறை தேடினாலும் தப்பு கிடைக்காது. இந்த மோட்டாரை வைத்தே ஆக வேண்டுமென்றால், முட்டியதும் லைனை முழுதாக வெட்டி, மோட்டார் நின்று இரண்டாவது 'டக்' கேட்ட பிறகு திரும்பக் கிளம்புகிற மாதிரி நடுவில் டைமர் வையுங்கள். அப்போதும் ஸ்டார்ட்டிங் கண்டன்சர் அடிக்கடி கிளம்புவதற்குச் செய்யப்பட்டதில்லை. நாள் முழுக்க வண்டி போய் வர வேண்டுமென்றால் நான் இந்த மோட்டாரைத் தொட மாட்டேன்.

மூன்றாவது, த்ரீ பேஸ். ஏதாவது இரண்டு பேஸை மாற்றினால் திசை மாறும். இரண்டு காண்டாக்டர் (மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) வைத்து, ஒன்றில் நேராகவும் மற்றதில் இரண்டு பேஸைக் குறுக்காகவும் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் இழுத்தால் பேஸுக்குப் பேஸ் ஷார்ட். அதனால் ஒவ்வொன்றின் என்.சி. துணைக் காண்டாக்ட் மற்றதன் காயில் லைனில் இருக்க வேண்டும். அது போதாது, நடுவில் செருகும் மெக்கானிக்கல் இன்டர்லாக்கையும் வாங்கிப் போடுங்கள். சில நூறு ரூபாய்க்குப் பார்த்து அதை விட்டுவிடுகிறார்கள், எனக்குப் புரியவே இல்லை. முன்னே போகும் காண்டாக்டரின் காயில் லைனில் முன் கோடி லிமிட்டின் என்.சி., அதே லிமிட்டின் என்.ஓ. டைமர் வழியாகப் பின் காண்டாக்டரை இழுக்கும். மறுகோடியிலும் இப்படியே.

அந்த டைமர் ஏன்? முழு வேகத்தில் ஓடும் மோட்டாருக்கு எதிர்த்திசைக் கரண்ட் கொடுத்தால், கிளம்பும்போது இழுப்பதைவிட அதிகம் இழுக்கும். காண்டாக்டர் பட்டியலில் ஏசி-3, ஏசி-4 என்று இரண்டு ரகம் போட்டிருப்பார்கள். ஓட்டத்திலேயே திருப்புவது ஏசி-4 வேலை. சாதாரணமாகக் கடையில் கொடுக்கும் ஏசி-3 அளவு அதில் சீக்கிரம் கருகிவிடும். இரண்டு மூன்று விநாடி நிற்க விட்டால் காண்டாக்டர், கியர் பெட்டி, செயின் எல்லாவற்றுக்கும் நல்லது.

த்ரீ பேஸில் இன்னொரு பொறி இருக்கிறது. ட்ரான்ஸ்பார்மரிலோ லைனிலோ வேலை நடந்து பேஸ் வரிசை மாறிவிட்டது என்று வையுங்கள். போர் மோட்டார் தண்ணீர் எடுக்காதபோதுதான் பல ஊர்களில் இது தெரியவரும். உங்கள் வண்டியில் என்ன ஆகும்? முன் பட்டனை அழுத்தினால் பின்னே ஓடும். பின் கோடி லிமிட்டில் முட்டும். அது வெட்டுவது பின் காண்டாக்டரை, இழுத்திருப்பதோ முன் காண்டாக்டர். வண்டி நிற்காது. எல்லாச் சுவிட்சும் நன்றாக வேலை செய்கிறது, ஆனாலும் நிற்காது. இதற்கு, பேஸ் வரிசை மாறினால் மோட்டாரை ஓட விடாத பேஸ் சீக்வன்ஸ் ரிலே ஒன்று போடுங்கள்.

அதோடு இரண்டு கோடியிலும் வழக்கமான லிமிட்டைத் தாண்டி ஓரடி தள்ளி இன்னொரு லிமிட் வையுங்கள். அது திசை பார்க்காமல், முன்னால் இருக்கும் ஒரு மெயின் காண்டாக்டரையே விழ வைக்க வேண்டும். காண்டாக்டர் ஒட்டிக்கொண்டாலும், சுவிட்ச் கெட்டாலும் காப்பாற்றுவது இதுதான். இதில் முட்டினால் வண்டி தானாகத் திரும்பாது, காரணம் பார்த்துவிட்டுக் கையால் தள்ளி வைக்க வேண்டும். அப்படித்தான் இருக்க வேண்டும். அதற்கும் பின்னால் தண்டவாள முனையில் ரப்பர் வைத்த இரும்புத் தடை.

மெயின் காண்டாக்டரை ஸ்டார்ட் பட்டனும் ஹோல்டிங்கும் வைத்துப் போடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டி கோடியில் லிமிட்டை அழுத்தியபடி நிற்கும்போது கரண்ட் போகிறது. ஒரு ஆள் வண்டிக்கு முன்னால் குனிந்து கொட்டிய தீவனத்தை அள்ளுகிறார். கரண்ட் வந்ததும் லிமிட்டின் என்.ஓ. மூடியே இருப்பதால் வண்டி யாரையும் கேட்காமல் கிளம்பிவிடும். 12 வோல்ட் ரிலே சர்க்யூட்டும் இதே மாதிரிதான், பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் ஓடும். கரண்ட் போனால் மெயின் விழ வேண்டும், மறுபடி பட்டனை அழுத்தினால்தான் இழுக்க வேண்டும். லிமிட் சுவிட்சுக்கு ஆள் நிற்பது தெரியாது, அதனால் வண்டியிலேயே இரண்டு பக்கமும் சிவப்பு நிறுத்தும் பட்டன் வையுங்கள்.

வயரிங் எல்லாம் சரியாக இருந்தும் கோளாறு வருவது லிமிட் சுவிட்சின் ரோலரை முட்டி அழுத்தும் தகட்டில். கரண்ட் நின்றதும் வண்டி நிற்காது, சிறிது தூரம் வழுக்கிக்கொண்டு போகும். தகடு குட்டையாக இருந்தால் ரோலர் தகட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும், என்.சி. மறுபடி மூடிக்கொள்ளும். டைமர் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் பாதியில் விழுந்துவிடும், வண்டி நடுவில் செத்த மாதிரி நிற்கும். வண்டி நிறையத் தீவனம் ஏற்றி எவ்வளவு தூரம் வழுக்குகிறது என்று சாக்பீஸால் குறித்து, அதைப்போல் இரண்டு மடங்கு நீளத்துக்குத் தகடு வெட்டுங்கள். முன் நுனியைச் சரிவாகத் தேயுங்கள். செங்குத்தான நுனி ரோலர் லீவரை ஒவ்வொரு முறையும் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும்.

சுவிட்ச் வாங்கும்போது மைக்ரோ சுவிட்சின் மேல் எழுதியிருக்கும் 15 ஆம்பியரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது 250 வோல்ட் ஏசிக்கு. ஏசி விநாடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும், டிசியில் அணையாது. வோல்டேஜ் ஏற ஏற டிசியில் அதே சுவிட்ச் தாங்கும் அளவு படுவேகமாக இறங்கும். கோழி ஷெட்டில் தூசி, அம்மோனியா, எறும்பு மூன்றும் உண்டு. அம்மோனியா பித்தளையையும் செம்பையும் தின்னும். கேபிள் கிளாண்டு உள்ள, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 போட்ட, ரோலர் லீவர் லிமிட் சுவிட்ச் வாங்கி, கேபிள் கீழ்ப்பக்கமாக நுழைகிற மாதிரி மாட்டுங்கள். மூடி சரியாக மூடாத பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டி, காண்டாக்டுக்கு நடுவே செத்துக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

புதிதாகச் செய்கிறீர்கள் என்றால் என் சிபாரிசு: சின்ன த்ரீ பேஸ் மோட்டார், அதோடு சிங்கிள் பேஸ் இன்புட் உள்ள வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தையும் திசையையும் மாற்றும் கருவி) ஒன்று. மோட்டார் 230 வோல்ட்டுக்கு டெல்டாவில் மாற்றிக் கொள்ளக்கூடியதா என்று நேம் பிளேட்டில் பார்த்து வாங்குங்கள். முன், பின் இரண்டு கண்ட்ரோல் லைனிலும் லிமிட் என்.சி.யைப் போட்டால், மெதுவாக வேகம் குறைந்து நிற்கும், எதிர்த்திசைக் கட்டளை வந்ததும் திரும்பும். லைனில் பேஸ் மாறும் தொல்லையும் இல்லை, மோட்டாருக்கு பேஸ் வரிசையை வி.எஃப்.டி. தானே உண்டாக்குகிறது.

எதைச் செய்தாலும் முதல் சோதனையைச் செயின் கழற்றிய மோட்டாரில் செய்யுங்கள். மோட்டார் வெறுமனே சுற்றட்டும். வண்டி முன்னே போவதற்கான திசையில் ஓடும்போது முன் கோடி லிமிட்டைக் கட்டையால் அழுத்துங்கள்: நின்று, டைமர் முடிந்து, திரும்ப வேண்டும். அதே ஓட்டத்தில் பின் கோடி லிமிட்டை அழுத்தினால் எதுவும் நடக்கக் கூடாது. நின்றால் சுவிட்சுகள் இடம் மாறியிருக்கின்றன. அப்புறம் மெயினை அணைத்து, ஒரு லிமிட்டை அழுத்தியபடியே மெயினைப் போடுங்கள், பட்டன் தொடாமல் மோட்டார் அசையக் கூடாது.

உங்கள் மோட்டாரின் நேம் பிளேட் படமும், எத்தனை வயர் வெளியே வருகிறது என்பதும் பின்னூட்டத்தில் போட்டால், எந்த வயர் எங்கே என்று அதற்கேற்ற மாதிரி எழுதுகிறேன்.